வெறும் குழாய் போதாது

பழைய காரின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் அதைக் கொன்றது எது என்று முதலில் தெரிய வேண்டும்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோவில் வாசலில் நாள்தோறும் தேங்காய்கள் சிதறுகின்றன. சாலையில் சிதறுவது புகை. கிழக்கே கோட்டைக்கும் ஓவர்பிரிட்ஜுக்கும் நடுவே பஸ்களும் ஆட்டோக்களும் உரசிக்கொண்டு ஊர்கின்றன. இந்த நெரிசலில் 15 வயதைத் தாண்டிய மாருதியோ சான்ட்ரோவோ இழுவையின்றித் திணறினால், கோளாறு காரின் அடிவயிற்றில் இருக்கும் கன்வர்ட்டரில் இருக்கலாம்.

வெளியே தகர டப்பா; உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 துளைகள் இருப்பது சாதாரணம். துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் இந்த உலோகங்கள்தான் ஆபத்தற்ற வாயுக்களாக்குகின்றன.

இந்தியாவில் இது 1995 ஏப்ரலில் 4 பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது. 1998இல் 45 நகரங்களுக்கு விரிந்தது. பெட்ரோலில் இருந்த ஈயம்தான் அப்போதைய எமன். சென்னையில் வாங்கிய கார் வழியில் ஈயம் கலந்த பெட்ரோலைக் குடித்தால் கன்வர்ட்டர் காலி. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

இன்றைய எமன் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறான். ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறிக்காவிட்டால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் பூச்சு மூடிப்போகும். இவற்றைச் சரிசெய்யாமல் புதுக் கன்வர்ட்டர் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை. நீல நிறப் புகை, ஏற்றத்தில் திணறல், தரைக்கடியில் கலகலச் சத்தம், அழுகிய முட்டை நாற்றம் ஆகியவை முன்னறிவிப்புகள்.

புதியதன் விலையைக் கேட்டு மலைப்பவர்களுக்குப் பட்டறையில் ஒரு யோசனை சொல்லப்படுவதுண்டு: உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை மாட்டிக்கொள்வது. கார் ஓடும். நச்சு மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் நெஞ்சுக்குள் போகும். 2019 சட்டத் திருத்தத்தின்படி புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய்வரை அபராதமோ 3 மாதம்வரை சிறையோ உண்டு.

மாற்றும் வேலை கைப்பழக்கம் உள்ளவருக்குக் கடினமல்ல; உயிருக்கு ஆபத்தானது என்பதுதான் விஷயம். வெறும் ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பிக் காருக்கடியில் படுக்கவே கூடாது. சமதளத் தரை, சக்கரங்களுக்குக் கட்டை, எடை தாங்கும் ஸ்டாண்டுகள் அவசியம். பழவங்காடியின் சந்துகளில் அதற்கு இடமில்லையென்றால் பட்டறையே நல்லது. ஓடும்போது பல நூறு டிகிரி சூடேறும் பொருள் இது. நன்றாக ஆறவிட வேண்டும். கடற்காற்றில் துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஆக்சிஜன் சென்சாரின் ஒயர் முறுக்காமல் அதை எடுக்க வேண்டும். கேஸ்கெட் புதிதாகத்தான் இருக்க வேண்டும். எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டி, குழாய்கள் நேரானதும் இறுக்குவது முறை. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டிப் பார்க்கவே கூடாது.

கழற்றியதைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவது ஏமாளித்தனம். 2021இல் ஒரு அவுன்ஸ் ரோடியம் 25,000 டாலரைத் தாண்டியபோது, குஜராத்தில் நிறுத்தி வைத்த ஈகோ வேன்களின் 'சைலன்சர்கள்' இரவோடிரவாகக் காணாமல் போயின. திருடர்களுக்கு வேண்டியிருந்தது அதோடு சேர்ந்த கன்வர்ட்டர்.

புகைச் சோதனைக்கு எஞ்சின் ஆறிய நிலையில் போகக் கூடாது. 250 டிகிரியைத் தாண்டும்வரை கன்வர்ட்டர் தூங்கிக்கொண்டிருக்கும். 20 நிமிடம் ஓட்டிவிட்டு நேராகப் போனால், பாரத் ஸ்டேஜ் 3 காருக்கு உரிய 0.5 சதவீதக் கார்பன் மோனாக்சைடு வரம்புக்குள் நிற்க வாய்ப்பு அதிகம்.