ஊறுகாய் ஜாடியும் ஈரக் கரண்டியும்

சித்திரை மாதத்தில் ஒரு கோடைக் காற்று அடித்தால் போதும், மாந்தோப்பு முழுவதும் காய் உதிர்ந்து கிடக்கும். வியாபாரி அதைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். பார்த்தாலும் அவர் சொல்லும் விலை, பொறுக்கும் ஆளின் கூலிக்குக் கூடப் போதாது. ஆகவே தோப்பு வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் காய் ஜாடிக்குள் போகிறது. வேலைக்கு வருவோரின் கஞ்சிக்கும், பிள்ளைகளின் தயிர்ச் சோற்றுக்கும் ஆண்டு முழுவதும் தொட்டுக் கொள்ள அதுதான். அண்மைக் காலமாக மகளிர் குழுக்கள் இதையே பாட்டிலில் அடைத்து விற்றுப் பணமாக்குவதையும் காண்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், நத்தம் வட்டாரத்தில் ஒரு தோப்புக்குச் சென்றிருந்தேன். பூத்திருந்த மரங்களில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் இருந்தன. தெளிக்க வேண்டிய மருந்தைச் சொல்லிவிட்டுத் திண்ணையில் மோர் அருந்திக் கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மாள் கேட்டார்: "மரத்துப் பூசணத்துக்கெல்லாம் மருந்து சொல்றீங்களே ஐயா, என் ஜாடியில வந்திருக்கிற பூசணத்துக்கு என்ன மருந்து?"

முழங்கால் உயரப் பீங்கான் ஜாடி. சித்திரையில் 15 கிலோ காய் போட்டதாம். பாதிக்கு மேல் மீதியிருந்தது. மூடியைத் திறந்ததும் மக்கிய வாடை அடித்தது. கழுத்தைச் சுற்றிலும் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் படர்ந்திருந்தது. "மாமியார் காலத்திலிருந்து இதே ஜாடி, இதே கைப்பக்குவம். ஒரு வருஷமும் இப்படி ஆனதில்லை" என்றார். இந்த ஆண்டு எதை மாற்றினீர்கள் என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றவர், பிறகு இரண்டு செய்திகளைச் சொன்னார். கணவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதால் உப்பைக் குறைத்துப் போட்டாராம். முன்பெல்லாம் மாமியார் ஒருவர்தான் ஜாடியைத் திறப்பார். அவர் காலமான பிறகு, பசித்தவர்கள் எல்லாரும் திறக்கிறார்களாம். நோய்க்குக் காரணம் இந்த இரண்டிலுமே இருந்தது.

ஜாடிக்குள் நடப்பது என்ன?

ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கு உப்பு, புளிப்பு, எண்ணெய் ஆகிய மூன்றும் காரணம். உப்பு, நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீரை அவற்றுக்குக் கிடைக்காமல் பிடித்து வைத்துக் கொள்கிறது. காயின் புளிப்பு பெரும்பாலான பாக்டீரியாக்களை வளர விடுவதில்லை. பூசணங்களோ இவை இரண்டையும் ஓரளவு தாங்கக் கூடியவை. ஆனால் அவற்றுக்குக் காற்று வேண்டும். அதைத் தடுப்பதுதான் மேலே நிற்கும் எண்ணெயின் வேலை. மாவடுவில் அதே வேலையை உப்புத் தண்ணீர் செய்கிறது. ஆகவே எந்தத் துண்டு எண்ணெய்க்கு மேலே தலை நீட்டுகிறதோ, அங்கேதான் பூசணம் முதலில் பிடிக்கும். அடுத்து, எடுக்கும்போது மசாலா ஒட்டிக் கொள்ளும் கழுத்துப் பகுதியில் பிடிக்கும்.

இனி ஈரக் கரண்டிக்கு வருவோம். பத்துக் கிலோ ஊறுகாயில் பத்துச் சொட்டு நீர் விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். எல்லாவற்றோடும் கலந்துவிட்டால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அது கலப்பதில்லை. கழுத்தில் ஒட்டிய மசாலாவின் மீதோ, மேலே நிற்கும் துண்டின் மீதோ அப்படியே தங்கிவிடுகிறது. அந்த ஒரு சிறு இடத்தில் உப்பும் புளிப்பும் நீர்த்துப் போகின்றன. பூசண விதைகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. அவற்றுக்கு அந்த இடமே போதுமானது. கரண்டியோடு ஒரு சோற்றுப் பருக்கையும் தயிரும் சேர்ந்து போனால் ஈரத்தோடு தீனியும் கொடுத்ததாகிறது.

மழைக் காலத்தில் நாம் தண்ணீர் விடாமலே தண்ணீர் சேரும். காற்றின் ஈரப்பதம் 75 சதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சமையலறை உப்பு கசிந்து நிற்பது இதனால்தான். ஜாடியின் வாய் விளிம்பில் காய்ந்திருக்கும் உப்பும் அப்படியே கசியும். அந்த அம்மாளின் ஜாடியில் பூசணம் தென்பட்டதும் கார்த்திகைக்குப் பிறகுதான்.

உப்பைக் குறைக்கலாமா?

காய் நறுக்கி எடையிட்ட பின், 1 கிலோ துண்டுகளுக்கு 180 கிராம் உப்புச் சேர்த்தால், உப்பு ஏறத்தாழ 15 சதமாக நிற்கும். ஆண்டு முழுவதும் வெளியில் வைக்கும் ஊறுகாய்க்கு இதற்குக் குறைவது நல்லதல்ல. உப்பைப் படியாலோ டம்ளராலோ அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு டம்ளர் கல் உப்பின் எடை, அதே டம்ளர் தூள் உப்பின் எடையைவிடக் குறைவு. தூள் உப்புக்குச் சொன்ன டம்ளர் கணக்கில் கல் உப்பைப் போட்டால், உப்பு குறைந்துவிடும். கடைத் தராசில் ஒரு முறை நிறுத்துப் பார்த்து, நம் வீட்டு டம்ளரின் கணக்கைக் குறித்துக் கொள்ளலாம்.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அதை இலையில் குறைக்க வேண்டுமே தவிர, ஜாடியில் குறைக்கக் கூடாது. உப்புக் குறைந்த ஊறுகாய்தான் வேண்டுமென்றால், அரைக் கிலோ அளவில் தனியாகப் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சில வாரங்களில் தீர்த்துவிடுவது நலம்.

பூண்டு ஊறுகாய் போடுவோருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. மாங்காயிலும் எலுமிச்சையிலும் இயற்கையாகப் புளிப்பு உண்டு; பூண்டில் கிடையாது. புளிப்பில்லாத பூண்டை எண்ணெய்க்குள் மூழ்க வைத்து வெளியில் வைத்தால், காற்றில்லாத அந்த இடத்தில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து உயிர்க் கொல்லி நஞ்சை உண்டாக்கக் கூடும். வாடையிலோ நிறத்திலோ அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். ஆகவே பூண்டு ஊறுகாய்க்குப் புளிக் கரைசலோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகச் சேர்க்க வேண்டும். ருசிக்காகத்தானே என்று இதைக் குறைக்கக் கூடாது.

ஜாடியைத் தேர்ந்தெடுத்தல்

உள்ளும் புறமும் மழமழவென்று மெருகேறிய பீங்கானும், கண்ணாடியும் சிறந்தவை. பழைய பீங்கான் ஜாடியில் மயிரிழை போன்ற விரிசல்கள் இருக்கலாம். நீர் நிரப்பி, ஓர் இரவு உலர்ந்த துணி மேல் வைத்துப் பாருங்கள். காலையில் துணி நனைந்திருந்தால் அது ஊறுகாய்க்கு உதவாது. ஏற்கெனவே ஊறுகாய் உள்ள ஜாடியின் வெளிப்புறம் உப்புப் பூத்தாலும் கசிவு இருக்கிறதென்றே பொருள். உட்புறம் வண்ணப் பூச்சுள்ள அலங்கார ஜாடிகளை வாங்க வேண்டாம். தரமற்ற பூச்சில் ஈயம் இருந்தால் புளிப்பு அதைக் கரைத்துவிடும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களும் ஆகா. பிளாஸ்டிக் என்றால் உணவுக்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும். அதிலும் சூடாக எதையும் ஊற்றக் கூடாது.

விவசாய வீடுகளில் நான் கண்ட ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பூச்சி மருந்து வந்த டப்பா கெட்டியாக இருக்கிறது, மூடியும் இறுக்கமாக இருக்கிறது என்று, சோப்புப் போட்டுக் கழுவிப் புளியோ, உப்போ, பருப்போ கொட்டி வைக்கிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து முழுவதும் போகாது. காலியான டப்பாவை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, அடியில் ஓட்டை போட்டுவிட வேண்டும். மீந்த மருந்தை ஊறுகாய் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றிச் சமையலறைப் பரணில் வைப்பது இதைவிடக் கொடியது. அந்தப் பாட்டிலைக் குழந்தை எடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

கண்ணாடி ஜாடியைக் குளிர்ந்த நீரில் வைத்து, பிறகு அடுப்பை ஏற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விடலாம். பீங்கானை வெந்நீரில் அலசினால் போதும். இரண்டையும் கவிழ்த்து, ஒரு நாள் முழுதும் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். துணியால் துடைத்தால் போதாதா என்று கேட்பார்கள். துணியே ஈரத்தையும் அழுக்கையும் கொண்டு வரும். தாளித்த எண்ணெய் நன்றாக ஆறிய பின்பே ஊற்ற வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் படிந்து சொட்டும். வெயிலில் வைக்கும் நாட்களில் மூடியை எடுத்துவிட்டு, வெள்ளைத் துணியால் வேடு கட்டுவது நம் பாட்டிமார் செய்த முறை. ஈ, தூசி போகாது, ஈரம் வெளியேறும். மாலையில் ஜாடி ஆறிய பிறகே மூடியைப் போட வேண்டும்.

பெரிய ஜாடி, சின்ன ஜாடி

அந்த மாமியார் அறிந்தோ அறியாமலோ செய்து வந்த முக்கியமான காரியம், ஜாடியைத் திறக்கும் தடவைகளைக் குறைத்தது. நாம் அதை ஒரு முறையாகவே வைத்துக் கொள்ளலாம். பெரிய ஜாடியை வாரத்துக்கு ஒரு தடவை, வெயில் உள்ள நாளாகப் பார்த்து, ஒருவரே திறக்கட்டும். ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன ஜாடியில் எடுத்துக் கொள்ளட்டும். வீட்டில் உள்ளவர்கள் புழங்குவது சின்ன ஜாடியோடு நிற்கட்டும். கெட்டாலும் கால் கிலோவோடு போகும். அடுப்புக்கு மேலேயோ பக்கத்திலேயோ எதையும் வைக்க வேண்டாம். சோறு கொதிக்கும் ஆவி அங்கேதான் எழும்புகிறது.

எடுப்பதற்கு நீண்ட காம்புள்ள மரக் கரண்டி நல்லது. மரமும் கொட்டாங்கச்சியும் நீரை உறிஞ்சுமாதலால், கழுவிய அன்று அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. மறுநாள் வெயில் கண்ட பிறகே உபயோகிக்க வேண்டும். இரண்டு வைத்துக் கொண்டால் தொல்லையில்லை. எவர்சில்வர் கரண்டியால் எடுக்கலாம், உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. உப்பும் புளிப்பும் சேர்ந்து எவர்சில்வரையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். நடுவில் பள்ளம் தோண்டுவது போல அள்ளாமல், மேல்மட்டம் சமமாக இறங்கும்படி அள்ள வேண்டும். பள்ளம் விழுந்தால் எண்ணெய் அதில் போய் நிற்க, ஓரத்துத் துண்டுகள் வெளியே தெரியும். எடுத்து முடித்ததும் துண்டுகளை அமுக்கி, எண்ணெய் ஒரு விரற்கடையாவது மேலே நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆற வைத்து ஊற்றலாம். கழுத்தின் உட்புறத்தையும் விளிம்பையும் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு மூடுங்கள். இந்தத் துடைப்புக்கு அரை நிமிடம் ஆகும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஜாடி பாதியானதும் அதற்கேற்ற சிறிய ஜாடிக்கு மாற்றிவிட்டால், உள்ளே காற்றுக்கு இடம் குறையும்.

நெய், தேன், வெல்லம், பொடி வகைகளுக்கும் இதே கரண்டிக் கட்டுப்பாடு பொருந்தும். நெய்யில் ஈரம் பட்டால் சிக்கு வாடை வரும். தேன் நீர்த்தால் புளித்து நுரைக்கும். மிளகாய் வற்றலும் நிலக்கடலையும் சரியாகக் காயாமல் டப்பாவுக்குள் போனால் அவற்றில் அஸ்பெர்ஜில்லஸ் பூசணம் வளர்ந்து அப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பூசணம் வந்துவிட்டால்?

மாவடு, உப்பு எலுமிச்சை ஆகியவற்றின் நீர் மேல் மெல்லிய வெள்ளை ஆடை போலப் படிவது பெரும்பாலும் ஒரு வகை ஈஸ்ட். அது நஞ்சல்ல. ஆனால் புளிப்பைத் தின்று மற்ற கிருமிகளுக்கு வழி செய்யும். எடுத்தெறிந்துவிட்டு, உப்புச் சேர்த்து, காய்களை நீருக்குள் அமுக்கி வைக்கலாம். பச்சை, கறுப்பு, சாம்பல் நிறத்தில் பஞ்சு போல வந்திருந்தால் அது பூசணம். மேலே வழித்துவிட்டு வெயிலில் வைத்துச் சாப்பிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. என் வீட்டிலும் இதைப் பற்றி வாக்குவாதம் நடந்திருக்கிறது. பூசணங்களில் சில இனங்கள் நஞ்சை உண்டாக்குகின்றன. கண்ணுக்குத் தெரிவதை வழித்தாலும், உள்ளே பரவிய நஞ்சு போகாது. வெயிலிலோ தாளிக்கும் சூட்டிலோ அது அழிந்துவிடும் என்றும் நம்ப முடியாது. மூடி உப்பிக் கொண்டாலும், துண்டுகள் கொழகொழத்து நுரைத்தாலும் அப்படியே கொட்டிவிட வேண்டும். மாட்டுத் தொட்டியில் அல்ல, குழியில்.

நத்தத்து அம்மாளிடம் இதைச் சொன்னபோது, ஏழெட்டுக் கிலோ ஊறுகாயைக் கொட்டச் சொல்கிறாரே என்று அவர் முகம் வாடியது. கொஞ்ச நேரம் ஜாடியையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு மண்வெட்டி எடுத்து வரச் சொன்னார்.

அடுத்த சித்திரைக்குள் ஜாடியைத் தயார் செய்யும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. நன்றாக இருந்த ஊறுகாய் தீர்ந்து, அடியில் எண்ணெயும் மசாலாவும் மட்டும் நின்றால், அதன் மேலேயே புது ஊறுகாயைக் கொட்டக் கூடாது. அந்த எண்ணெயைப் புளிக்குழம்பில் சேர்க்கலாம், பழைய சோற்றில் பிசைந்து கொள்ளலாம். மாவடுத் தண்ணீரையும் அப்படியே சமையலில் தீர்த்துவிடலாம். காய் உறிஞ்சியதால் அதில் உப்பு குறைந்திருக்கும். புது வடுவுக்குப் புது உப்புத்தான் வேண்டும்.