ஆகாயத்திற் சாய்மனைக் கதிரை

திருகோணமலையின் பழைய வீட்டு விறாந்தைகளில் கிடக்கும் சாய்மனைக் கதிரைக்கு யந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. பிரம்புப் பின்னலும் நீண்ட கைச்சட்டங்களுமே போதும். ஆகாய விமானத்தில் அது அவ்வளவு இலகுவன்று. சாதாரண வகுப்பில் கைப்பிடிப் பொத்தானை அழுத்தியதும், கதிரையின் கீழுள்ள எண்ணெய் உருளையின் அடைப்புத் திறக்கிறது. முதுகின் பாரத்தால் எண்ணெய் நகரக் கதிரை சாய்கிறது. பொத்தானை விட்டால் சாய்வு அப்படியே நிலைத்துவிடும்.

உயர் வகுப்பில் இவ்வேலையைச் சிறு மின்மோட்டர்கள் செய்கின்றன. முதுகுப்பகுதி தாழ, இருக்கை முன்னே வழுக்கிச் செல்ல, கால்தாங்கி உயர, மூன்றும் ஒரே மட்டமாகிக் கட்டிலாகின்றன. இருக்கை முன்னே வழுக்காவிடின், பின்னாலிருப்பவருக்கு இடமிராது. வணிக வகுப்பில் இத்தகைய கட்டிலைப் பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் 2000ஆம் ஆண்டிற் கொணர்ந்தது. 2014 முதல் ஸ்ரீலங்கன் விமான சேவையிற் சேர்ந்த ஏ330-300 விமானங்களிலும் அது அமைந்தது.

ஆயினும் சாய்வதினும் பெயராது நிற்பதே கதிரைக்குக் கடினமான பணி. 1988இல் அமெரிக்கா வகுத்த விதிப்படி, புதுவகை விமானக் கதிரை தன்மேலிருப்பவரின் எடையைப்போல் 16 மடங்கு முன்னிழுப்பைத் தாங்கவேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் அக்கணத்தில் 1120 கிலோப் பாரமாவார்! படுத்த உடலை இடுப்புப்பட்டி செவ்வனே பிடியாது; தப்பியோடும் வழியும் அடைபடும். விறாந்தையில் உறங்கும் பாட்டனாரை எவரும் எழுப்புவதில்லை. விமானம் இறங்குமுன் பணிப்பெண் எழுப்பியே தீருவார். மின்சாரம் தடைப்பட்டாலும் கதிரையைக் கையால் நிமிர்த்தப் பெரும்பாலும் ஒரு நெம்பு பக்கத்தே பொருத்தப்பட்டிருப்பது அதற்காகவே.