மூட்டுவாதமும் குடும்ப வழியும்

நம் கிராமங்களில் 'வாதம்' என்னும் ஒரே சொல்லால் பல நோய்களைக் குறிக்கின்றனர். கை கால் விழுந்துவிடும் பக்கவாதமும் வாதமே. முதியோரின் முழங்கால் தேய்வும் வாதமே. முப்பது வயதுப் பெண்ணின் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்ததும் வாளியின் பிடியைக்கூடப் பற்ற இயலாமற் செய்யும் நோயும் வாதமே. பெயர் ஒன்றாயினும் இவற்றின் காரணங்கள் வெவ்வேறானவை. இறுதியிற் கூறிய நோயைச் சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் மக்கள் வழங்குவர். அதனையும், அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில நோய்களையும் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மருத்துவத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும், குடிநீர், சாலை, வீடு ஆகியவற்றைப் பற்றிய குறைகளைக் கேட்கச் செல்லும் இடங்களில், மகளிர் குழுவினர் கூடியிருக்கும்போது, அலுவல் முடிந்த பின் ஒரு கேள்வி பல முறை எம்மிடம் வந்திருக்கிறது. "அம்மாவுக்கு வந்த வாதம் மகளுக்கும் வருமா?" என்பதே அது. இக்கேள்விக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் கல்யாணப் பேச்சு. எமது ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில், நிச்சயமாகும் நிலையிலிருந்த திருமணம், பெண்ணின் தாயாருக்கு விரல்கள் கோணியிருப்பதை மாப்பிள்ளை வீட்டார் கண்டதோடு நின்று போயிற்று. அதன் பின் நிகழ்ந்தது இன்னும் கொடியது. அதே தெருவில், மணமாகாத மகளையுடைய வேறொரு தாய், தமக்கு மூட்டு வீக்கம் தொடங்கியதை யாருக்கும் தெரியாமல் இரண்டாண்டு மறைத்து, கடையில் வாங்கிய வலி மாத்திரைகளால் காலந் தள்ளினார். மருத்துவமனைக்கு அவர் சென்றபோது அவருடைய விரல்களும் கோணிவிட்டிருந்தன. ஆகவே, குடும்ப வழியாக வருவது யாது, வாராதது யாது என்பதை நாம் தெளிவாக அறிய வேண்டியிருக்கிறது.

நம் உடலில் நோய்க் கிருமிகளை எதிர்த்து அழிக்கும் ஆற்றல் ஒன்றுண்டு. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களும், அவை உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் அப்பணியைச் செய்கின்றன. இவ்வாற்றலுக்கு முதலில் வேண்டுவது, தன் உடல் எது, அயற்பொருள் எது என்று பகுத்தறியும் திறன். சிலருக்கு இத்திறன் பிறழ்ந்துவிடுகிறது. அப்போது காவலே பயிரை மேய்வது போல, எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே தாக்கத் தொடங்குகிறது. மூட்டின் உட்சவ்வைத் தாக்கினால் முடக்குவாதம். முதுகெலும்பின் இணைப்புகளைத் தாக்கினால் முதுகு இறுகும் வாதம். தோல், சிறுநீரகம், இரத்தம் எனப் பல உறுப்புகளையும் ஒருசேரத் தாக்கினால் லூபஸ். இவற்றையெல்லாம் தன்னுடல் தாக்கு நோய்கள் என இன்றைய மருத்துவர் கூறுகின்றனர்.

தன் உடல், அயற்பொருள் என்னும் அடையாளம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பாரிஸ் நகரத்து மருத்துவர் ஜான் தோசே என்பார், பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, 1958-இல் வெள்ளை அணுக்களின் மேல் ஆளுக்கு ஆள் வேறுபடும் அடையாளப் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டார். இன்று எச்.எல்.ஏ. என வழங்கும் அடையாளத் தொகுதியின் முதற் செய்தி அதுவே. அதற்காக 1980-இல் வேறிருவரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வடையாளங்களை உண்டாக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் ஓரிடத்தில் நெருங்கி அமைந்துள்ளன. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என நாம் ஒவ்வொருவரும் இரண்டு தொகுதிகளைப் பெறுகிறோம். சிறுநீரகம் மாற்றி வைக்குமுன் உடன்பிறந்தாரின் இரத்தத்தைப் பொருத்திப் பார்ப்பது இதன் பொருட்டே.

1973-ஆம் ஆண்டில் இத்துறையில் பெரியதொரு செய்தி வெளிவந்தது. இலண்டனில் பிரூவர்ட்டன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், முதுகு இறுகும் வாதமுடைய 75 பேரைச் சோதித்தனர். அவர்களுள் 72 பேரிடம் பி-27 என்னும் ஒரே அடையாளம் இருந்தது. அந்நோயில்லாத 75 பேரைச் சோதித்தபோது மூவரிடம் மட்டுமே அது காணப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆய்வாளரும் இதே முடிவை வெளியிட்டனர். பிரூவர்ட்டன் குழுவினர் நோயாளிகளின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோருள் 60 பேரையும் சோதித்தனர். அவர்களில் 31 பேரிடம் அந்த அடையாளம் இருந்தது. அதாவது ஏறத்தாழப் பாதிப் பேர். இரு தொகுதிகளில் ஒன்றே பிள்ளைக்குச் செல்லும் என்னும் கணக்கோடு இது நன்கு பொருந்துகிறது.

இந்த அளவோடு நிறுத்துவோர், "அப்படியாயின் குடும்ப வழிதானே?" என்று முடிவு கட்டிவிடுவர். கதையின் மறுபாதியே முக்கியமானது. ஐரோப்பியரிடையே நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் பி-27 உடையவர்கள். கானடாவின் மேற்குக் கரையிலுள்ள ஹைடா என்னும் பழங்குடியினரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது உண்டு; ஜப்பானியரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால், இவ்வடையாளத்தைப் பெற்ற பொதுமக்களில் நோய்வாய்ப்படுவோர் நூற்றுக்குச் சிலரே. எஞ்சியவர்கள் முதுகு வளையாமல் நெடுநாள் வாழ்ந்து முடிக்கின்றனர். நோயுற்றவரின் உடன்பிறந்தாரிடமோ பிள்ளைகளிடமோ அது இருந்தால் வாய்ப்புச் சற்று மிகும். அப்போதும் நோயில்லாதவர்களே பெரும்பாலோர். இன்னொன்றையும் கூற வேண்டும். பி-27 உடையவர்களுக்கு எச்.ஐ.வி. கிருமி தொற்றினால், அவர்களில் பலர் மற்றவர்களை விட நெடுங்காலம் அதனைத் தாக்குப்பிடிக்கின்றனர் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு கிருமியை எதிர்ப்பதில் வல்லதாயிருக்கும் அடையாளம் வேறொரு வழியில் மூட்டுக்குப் பகையாகிறது. இத்தகைய மரபணுவைக் கெட்ட மரபணு என்று அழைப்பது நமக்குச் சரியாகப் படவில்லை.

முடக்குவாதத்தின் நிலை இன்னும் சிக்கலானது. 1978-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி என்பார், டி.ஆர்.4 என்னும் அடையாளத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்பிருப்பதை எடுத்துக் காட்டினார். அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மரபணுக்கள் தெரிய வந்தன. ஆசியரும் ஐரோப்பியருமாகிய ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் மரபணுக்களை ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வில், இந்நோயோடு தொடர்புடைய இடங்கள் 101 எனக் கணக்கிட்டிருந்தனர். ஒவ்வொன்றின் வலிமையும் சிறிது. சிலவற்றை ஒருவர் தாய் வழியிலும் சிலவற்றைத் தந்தை வழியிலும் பெறுகிறார். நோயே இல்லாத குடும்பத்திலும் இவற்றுள் பல பரவிக் கிடக்கும். தாய்க்கு நோய் இருப்பதைப் பார்த்துப் பெண்ணை மறுக்கும் மாப்பிள்ளை வீட்டிலும் அவை இருக்கத்தான் செய்யும். எவரும் சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவே.

பரம்பரையின் வலிமை எவ்வளவு என்பதை அறிய இரட்டைப் பிள்ளைகளே சிறந்த சான்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்க்கு மரபணுக்கள் யாவும் ஒன்றே. மரபணுவே எல்லாவற்றையும் முடிவு செய்யுமாயின், ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரவேண்டும். பிரிட்டனில் 1993-இல் வெளியான ஆய்வின்படி, அத்தகைய இரட்டையருள் ஒருவருக்கு நோயிருக்க மற்றவருக்கும் இருந்தது நூற்றுக்குப் பதினைந்து இணைகளில் மட்டுமே. தனித்தனிக் கருவில் தோன்றிய இரட்டையரில் இது நூற்றுக்கு நான்கு. பதினைந்துக்கும் நான்குக்கும் உள்ள இடைவெளி பரம்பரையின் பங்கினைக் காட்டுகிறது. நோய் வாராத எண்பத்தைந்து இணைகளோ, பரம்பரை மட்டும் போதாது என்பதைக் காட்டுகின்றன.

இதனையே குடும்பக் கணக்காகச் சொல்வோம். முடக்குவாதம் பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதனினும் குறைவாகக் காணப்படுவது. தாய்க்கோ தந்தைக்கோ அது இருப்பின், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகலாம். மூன்று மடங்கு என்று கேட்டவுடன் நெஞ்சு திடுக்கிடும். ஆனால், நூறு பிள்ளைகளில் மூவருக்கு என்று சொன்னால், தொண்ணூற்றேழு பேருக்கு வருவதில்லை என்பதும் உடனே விளங்கும்.

ஒரே மரபணுவின் பழுதினால் வரும் நோய்கள் வேறு வகை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அப்பழுது வந்து சேருமாயின் பிள்ளைக்கு நோய் நேரும். அக்காள் மகளை மணப்பது போன்ற நெருங்கிய உறவு மணங்களில் அவ்வாறு சேரும் வாய்ப்பு மிகுதி. முடக்குவாதம் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. மிக அரிதாக, சிறு குழந்தைகளுக்கு வரும் ஒருவகை லூபஸ் மட்டும் அங்ஙனம் வருவதுண்டு. மற்றப்படி லூபஸும் பல மரபணுக்கள் கூடி வருவதே. அந்நோயாளிகளில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் அளவில் பெண்கள்.

மரபணுவோடு கூடி நோயை எழுப்புவது எது? முடக்குவாதத்தில் ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்த ஒன்று புகைபிடித்தல். சுவீடன் நாட்டில் 2006-இல் வெளியான ஆய்வில், குறிப்பிட்ட எச்.எல்.ஏ. மரபணுவை இருபுறமும் பெற்றுப் புகையும் பிடிப்பவர்க்கு, அவ்விரண்டும் இல்லாதவரைவிட, முடக்குவாதத்தின் கடுமையான வகை வரும் வாய்ப்பு 21 மடங்கு எனக் கண்டனர். புகை நுரையீரலிலுள்ள புரதங்களை உருமாற்றுகிறது. மேற்படி மரபணு உடையவர்களின் எதிர்ப்பாற்றல் அவ்வுருமாறிய புரதத்தை அயற்பொருளெனக் கொண்டு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவ்வெதிர்ப்பொருள் இரத்தத்தில் தோன்றிவிடுகிறது. கல் உடைக்கும் இடங்களில் எழும் மணற்சத்துத் தூளும் இந்நோய்க்கு வழி செய்கிறது. கல்குவாரிகள் நிறைந்த ஒன்றியங்களில் பணியாற்றும் நம்மவர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு முடக்குவாதம் இருப்பின், பிள்ளைகளின் மரபணுவை எவராலும் மாற்றவியலாது. பீடியை விட்டொழிக்கலாம், கல் வேலையில் தூளைத் தண்ணீர் தெளித்து அடக்கலாம், முகத்திற்குக் காப்பு அணியலாம்.

இனி, நோயை இனங்காணும் வழி. 2006-இல் சிக்குன்குனியா நம் மாநிலத்தில் பரவியபோது ஊர் ஊராக மக்கள் மூட்டுவலியால் நடக்க இயலாமல் இருந்ததை நினைவு கூரலாம். அது திடீரெனக் காய்ச்சலோடு தொடங்கியது; பெரும்பாலோர்க்கு வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்தது. முடக்குவாதம் பெரும்பாலும் மெல்லத் தொடங்கும். இரு கைகளிலும் விரல்களின் நடு மூட்டும் அடி மூட்டும், மணிக்கட்டும் வீங்கும். காலையில் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். ஆறு வாரங்களுக்கு மேல் இது நீடித்தால் காத்திருக்கலாகாது. முதுகு இறுகும் வாதம் பெரும்பாலும் இருபது முப்பது வயது இளைஞர்களிடம் தொடங்குகிறது. மூட்டை தூக்கியதால் வந்த வலி என்று அவர்கள் எண்ணிக்கொள்வர். சுமையால் வந்த வலி ஓய்வில் தணியும். இதுவோ ஓய்வில் மிகுந்து, பின்னிரவில் உறக்கத்தைக் கெடுத்து, எழுந்து நடமாடினால் குறையும். இந்த ஒரு வேறுபாட்டை நம் சுகாதாரப் பணியாளர்கள் கேட்டறிந்தாலே பலர் காலத்தோடு மருத்துவரைச் சேர்வர்.

காலத்தோடு என்பதை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. முடக்குவாதத்தில் முதற் சில மாதங்களில் தக்க மருந்து தொடங்கினால் எலும்பு அரிக்கப்படாமல் காக்க முடிகிறது. அரித்துக் கோணிய விரலை எந்த மருந்தும் நிமிர்த்துவதில்லை. முதலில் தரப்படும் மருந்துகளுள் தலையாயது மெத்தோட்ரெக்சேட். விலையும் மிகுதியன்று. ஆயின், இதனை வாரத்திற்கு ஒருமுறை, குறித்த ஒரு கிழமையில் மட்டுமே உட்கொள்ளல் வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் இரத்த அணுக்கள் குன்றி உயிருக்கே ஊறு நேரும். மருந்துச் சீட்டைப் படிக்க இயலாதவர்களுக்கு அந்தக் கிழமையின் பெயரைச் சொல்லி, வீட்டிலுள்ள பிள்ளையைக் கொண்டு நாட்காட்டியில் குறிக்கச் செய்வது நல்லது. கடையிலோ போலி வைத்தியரிடமோ வாங்கும், ஒரே நாளில் வலியைப் போக்கும் மாத்திரைகளும் பொடிகளும் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்தவை. அவை வலியை மறைத்து வைக்க, மூட்டு உள்ளே அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். முகம் ஊதும், எலும்பு நொறுங்கும், சர்க்கரை ஏறும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் எழுதித் தருவர். சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கெனத் தனித் துறையே இயங்குகிறது. மருத்துவர் "வீட்டில் வேறு யாருக்கேனும் உண்டா?" என வினவுவார், அங்கே மறைத்தல் கூடாது. பி-27 சோதனையை வலியுள்ளவருக்கு மருத்துவர் எழுதித் தந்தால் செய்துகொள்ளலாம். ஜாதகத்தோடு சேர்த்துப் பார்ப்பதற்கு அது உதவாது. நோயற்றவரிடம் அடையாளம் இருப்பதாகத் தெரிந்தாலும், அவருக்கு நோய் வருமா வாராதா என்று அச்சோதனை சொல்வதில்லை.

நோயுள்ள பெண்களே மணந்து மக்களைப் பெறுகின்றனர். அவர்கள் முன்கூட்டிச் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும் இயல்புடையது. ஆதலின், குழந்தைக்கு எண்ணும் சில மாதங்கள் முன்னரே மருத்துவரிடம் கூறினால், அதனை நிறுத்திக் கருவுக்குத் தீங்கு செய்யாத வேறு மருந்துகளை அவர் தருவார். திருமணத்தின்போது நோயை மறைத்த பெண், மாமியார் அறியாமல் மாத்திரையை ஒளித்து உட்கொண்டு, கருவுற்ற பின்னரும் சொல்ல அஞ்சி நின்றதை நாம் அறிவோம். நல்வாய்ப்பாகக் கிராம சுகாதாரச் செவிலியர் அவ்வீட்டுக்குச் சென்றபோது மாத்திரை அட்டையைக் கண்டு, அன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.