கொடைக்கானல் காளானும் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும்

கொடைக்கானலில் போதைக் காளான் விற்றதாகச் சிலர் கைது என்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வரும். அந்தக் காளானில் இருக்கும் வேதிப்பொருளின் பெயர் சைலோசைபின். தீராத மனச்சோர்வுக்கு அது மருந்தாகுமா என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல்கலைக்கழக மருத்துவமனைகள் சோதித்து வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் அதை நோயாளிகளுக்கே கொடுக்கலாம். இந்தியாவில் அதை வைத்திருந்தால் சிறை. அப்படியானால், இங்கே ஒரு மருத்துவர் இதை ஆராய நினைத்தால் சட்டம் அவருக்கு என்ன சொல்கிறது? தடை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாத விஷயம் இது.

முதலில் மருந்தைப் பற்றி. மெக்சிகோவின் ஒஹாகா மலைகளில் மசாடெக் மக்கள் இந்தக் காளானை நோய் தீர்க்கும் சடங்குகளில் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958-இல் அதிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை 1938-இல் முதன்முதலில் உருவாக்கியவரும் அவரே. உடலுக்குள் போனதும் சைலோசைபின் சைலோசினாக மாறுகிறது. மூளையில் செரட்டோனின் என்ற வேதித்தூதுவர் வந்து பொருந்தும் ஏற்பிகளில் ஒரு வகையைத் தூண்டுகிறது. காட்சிகளும் காலவுணர்வும் 'நான்' என்ற எண்ணமும் சில மணி நேரம் குலைந்துபோகின்றன. அந்த நேரத்தில் நோயாளி படுத்திருப்பார். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் கூடவே இருப்பார்கள். முன்னும் பின்னும் பேச்சுச் சிகிச்சை உண்டு. மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் சிகிச்சை அல்ல இது.

பலன் என்ன? 2022-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு கொண்ட 233 பேர் அதில் பங்கேற்றார்கள். 25 மில்லிகிராம் ஒரே ஒருமுறை பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்தில் நோயின் கடுமை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. பெயரளவுக்கு 1 மில்லிகிராம் பெற்றவர்களில் அது 18 சதவீதம். வேறுபாடு உண்மையானது. ஆனால் பன்னிரண்டாவது வாரம் வரை அந்தப் பலன் நீடித்தவர்கள் குறைவு. தற்கொலை எண்ணங்கள் போன்ற தீவிர விளைவுகளும் பதிவாயின. அதற்கு முந்தைய ஆண்டு 59 பேரிடம் நடந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று, வழக்கமான மனச்சோர்வு மருந்தான எசிட்டாலோப்ராமுடன் சைலோசைபினை ஒப்பிட்டது. முதன்மை அளவுகோலில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பதை மறைப்பதே கடினம். மருந்து சாப்பிட்டவருக்கு அரை மணி, ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். எதிர்பார்ப்பே பலனைக் கூட்டிக் காட்டலாம். எனவே நம்பிக்கைக்கு இடம் உண்டு. அற்புத மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இப்படிப் பாதி தெரிந்த நிலையில்தான் ஆராய்ச்சி மிகவும் தேவைப்படுகிறது.

இனி சட்டம். 1971-இல் ஐ.நா. மனமயக்கப் பொருள்கள் உடன்படிக்கை உருவானது. இந்தியா 1975-இல் அதில் இணைந்தது. சைலோசைபின், எல்.எஸ்.டி. இரண்டும் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலுக்கும் ஒரு விலக்கு வைத்தார்கள்: அறிவியல் தேவைக்கும் மிகக் குறைந்த மருத்துவத் தேவைக்கும், அரசின் நேரடிக் கட்டுப்பாட்டிலோ ஒப்புதலிலோ இயங்கும் நிறுவனங்களில் பயன்படுத்தலாம். 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்த நம்முடைய போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டமும் (செய்திகளில் என்.டி.பி.எஸ். என்று நாம் படிப்பது இதைத்தான்) தன் 8-ஆவது பிரிவில் இதையே சொல்கிறது. தயாரிப்பு, வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, உட்கொள்வது எல்லாம் குற்றம். மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்காக, விதிகளின்படி நடப்பவை மட்டும் விலக்கு.

விலக்குக்கு வெளியே சிக்குபவரின் நிலைமை மிகவும் கடுமையானது. தண்டனை எடையைப் பொறுத்தது. சைலோசைபினுக்குச் சிறிய அளவு 2 கிராம், வணிக அளவு 50 கிராம். சிறிய அளவுக்குள் இருந்தால் அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே பத்தாண்டு, இருபது வரை போகலாம். அதோடு 37-ஆவது பிரிவு ஜாமீனைக் கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. கைதானவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக, விசாரணை முடியும் முன்பே நீதிமன்றம் கருத வேண்டும்.

இங்கேதான் காளான் ஒரு பெரிய சட்டக் கேள்வியை எழுப்பியது. உலர்ந்த காளானில் சைலோசைபின் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். நூறு கிராம் காளானை அப்படியே நிறுத்தால் வணிக அளவுக்கு இரண்டு மடங்கு. உள்ளே இருக்கும் சைலோசைபினை மட்டும் கணக்கிட்டால் ஒரு கிராம், சிறிய அளவு. ஒரே பொட்டலம், ஒரு கணக்கில் ஓராண்டு, மறு கணக்கில் பத்தாண்டு. கலவை என்றால் போதைப்பொருளோடு கலந்திருக்கும் மற்றவற்றின் எடையையும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் காளான் யாரும் கலந்து செய்த கலவை அல்ல, இயற்கையாக முளைப்பது. சைலோசைபினின் எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் உத்தரவில் சொன்னது. கர்நாடக, சென்னை உயர் நீதிமன்றங்கள் அதற்கு முன்பே எடுத்த நிலைப்பாட்டை அது பின்பற்றியது. எல்.எஸ்.டி.யில் நிலைமை வேறு. அதன் வணிக அளவு வெறும் 0.1 கிராம். அது ஊறியிருக்கும் தாளையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. ஒருவரின் இளமை முழுவதும் சிறையில் கழியுமா என்பதைத் தாளின் எடை தீர்மானிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்போது ஆராய்ச்சியாளருக்கு வருவோம். என்.டி.பி.எஸ். விதிகளில் 67-ஏ என்றொரு விதி இருக்கிறது. அரசு ஆய்வகங்களும் ஆராய்ச்சி நிறுவனங்களும் அறிவியல் தேவைக்குப் பயன்படுத்தலாம் என்கிறது அது. பயன்படுத்திய விவரங்களைப் பதிவு செய்து, அந்தப் பதிவேட்டைக் குறைந்தது இரண்டாண்டு பாதுகாக்க வேண்டும். ஆக, சட்டம் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. ஆனால் அதே விதியில் மருத்துவத் தேவை பற்றிய வரி, மிகக் குறைந்த அளவில், வெளிநாட்டவரின் தேவையைத்தான் குறிப்பிடுகிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீட்பதற்குத் தனி வரி உண்டு. தீராத மனச்சோர்வோடு இருக்கும் இந்திய நோயாளி அந்த வரிகளில் எங்கும் இல்லை. நாளை மருந்து பலனளிக்கிறது என்று உறுதியானாலும், ஆய்வகத்திலிருந்து வார்டுக்கு அதைக் கொண்டுவரும் வழியை அந்த விதி சொல்லவில்லை.

மனிதர்களிடம் சோதிக்க வேண்டுமென்றால் படிகள் கூடுகின்றன. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு சம்மதிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் விதிகளின்படி இந்தியத் தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து மருந்து வருவதாக இருந்தால் குவாலியரில் இருக்கும் மத்திய போதைப்பொருள் பணியகத்தின் சான்றிதழ் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நியாயம் உண்டு. ஆனால் எங்கோ ஒரு பதிவேட்டில் சில மில்லிகிராம் பிசகினால் தன் மீதே வழக்கு வருமோ என்ற அச்சத்தோடு இந்தப் படிகளை ஏறச் சொன்னால், எத்தனை மருத்துவர்கள் முன்வருவார்கள்?

இந்த அச்சம் கற்பனை அல்ல. மார்ஃபினில் நம் நாடு இதை அனுபவித்தே பார்த்திருக்கிறது. மார்ஃபின் தடை செய்யப்பட்ட பொருளே அல்ல. முற்றிய புற்றுநோயின் வலிக்கு அடிப்படை மருந்து. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, ஒரு மருத்துவமனை அதை வாங்கி வைக்கப் பல துறைகளின் உரிமங்கள் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அதே காலத்தில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு, மார்ஃபின் தரும் அபின் விளைந்துகொண்டிருந்தது. உலகின் மருந்து ஆலைகளுக்கு அது ஏற்றுமதியானது. விளைந்த நாட்டிலேயே புற்றுநோயாளிகள் வலியில் துடித்துச் செத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறவே மாட்டேனென்கிறது.

அதை மாற்றியவர்கள் மருத்துவர்கள். கோழிக்கோட்டில் 1993-இல் வலிநிவாரண மருத்துவமனை தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் அரசுகளோடும் நீதிமன்றத்திலும் இருபதாண்டு போராடினார்கள். கேரளம் விதிகளை எளிதாக்கியது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசிய போதை மருந்துகள் என்று ஒரு தனி வகுப்பை உண்டாக்கியது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு அதன் பிறகு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி ஒன்றே போதும். கடத்தல் அதற்குப் பிறகும் கடுமையாகத் தண்டிக்கப்படும் குற்றமாகவே இருக்கிறது. தெருவில் கடுமை, மருத்துவமனையில் ஒழுங்கான அனுமதி என இரண்டையும் ஒரே சட்டத்தில் வைக்க முடியும் என்பது இங்கேயே நிரூபணமாகிவிட்டது.

சைலோசைபினுக்கு இப்போதே அந்த நிலையைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கான சான்று இன்னும் சேரவில்லை. கேட்பது சிறியது. ஆராய்ச்சிக்கான அனுமதியை ஓர் அலுவலகம், ஒரு விண்ணப்பம், ஒரு கால வரையறை என்று ஆக்கலாம். நல்லெண்ணத்தோடு செய்த ஆய்வின் பதிவேட்டுப் பிழையைக் கடத்தலிலிருந்து பிரித்துப் பார்க்கலாம். 67-ஏ விதியில் இந்திய நோயாளிக்கும் ஒரு வரி சேர்க்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மனநல ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கும் நாட்டில், நம்முடைய நோயாளிகளுக்கு எது பொருந்தும் என்பதை வெளிநாட்டு ஆய்வுகளை வைத்தே ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இதைப் படிப்பவர்களில் மனச்சோர்வோடு போராடும் ஒருவரோ அவருடைய வீட்டாரோ இருக்கலாம். மலையில் காளான் தேடிப் போக வேண்டாம். அது குற்றம் என்பது ஒரு காரணம். கல்லீரலை அழிக்கும் நச்சுக் காளான்களைக் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பது அதைவிடப் பெரிய காரணம். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்களுக்குச் சைலோசைபின் இன்னும் ஆபத்து. ஆய்வுகளில் அவர்களைச் சேர்ப்பதே இல்லை. ஒன்றிரண்டு மருந்துகள் பலனளிக்காவிட்டாலும் மனநல மருத்துவரிடம் வேறு வழிகள் உண்டு: மருந்தை மாற்றுவது, லித்தியம் சேர்ப்பது, மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்னதிர்வுச் சிகிச்சை, காந்தத் தூண்டல். மயக்க மருந்தான கெட்டமினும் சட்டத்துக்கு உட்பட்டே, மருத்துவமனைக் கண்காணிப்பில், இங்கே தரப்படுகிறது. இவற்றைப் பெயர் சொல்லியே மருத்துவரிடம் கேளுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.