ஊர் சுற்றக் காசு எங்கிருந்து வரும்?

கொச்சி காந்தி நகரில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்றொரு சின்னக் கடை. அதை நடத்திய கே.ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும் டீ விற்ற காசில் 25 நாடுகளுக்கு மேல் சுற்றி வந்தவர்கள். முதல் வெளிநாட்டுப் பயணம் 2007-இல். கடைசியாகப் போனது 2021 அக்டோபரில், ரஷ்யாவுக்கு. அதற்கு அடுத்த மாதமே விஜயன் காலமானார். இவர்களைப் பற்றி 2018-இல் 'இன்விசிபிள் விங்ஸ்' என்ற ஆவணப்படம் வந்தது. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் எழுதி நாடே அறியச் செய்தார். அவர்களுடைய அன்பையும் ஆசையையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அவர்களுடைய கல்லாப்பெட்டியைப் பற்றிப் பேசவேண்டும். ஊர் சுற்ற நினைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கு அதில்தான் விஷயம் இருக்கிறது.

நாளுக்கு 300 ரூபாய். பயணத்துக்கென்று தனியே எடுத்து வைத்தது அவ்வளவுதான். ஒருநாள் விடாமல் வைத்தால் வருடத்துக்கு 1,09,500 ரூபாய். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ இரண்டு பேர் போய்வர இது போதாது. மீதிக்கு வங்கிக் கடன். போய் வந்தபின் இரண்டு மூன்று வருடம் டீ ஆற்றிக் கடனை அடைப்பார்கள். அடைத்ததும் அடுத்த நாடு, அடுத்த கடன். கடையில் சம்பள ஆள் கிடையாது. வடை தட்டுவது, டீ ஆற்றுவது, தட்டு கழுவுவது எல்லாமே இருவரும்தான். ஆள் வைத்திருந்தால் அந்த 300 ரூபாய் அவருக்குப் போயிருக்கும்.

கடன் வாங்கிப் பயணம் போகச் சொல்லி யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவர்களுக்கு அது ஒத்துவந்ததற்குக் காரணம் உண்டு. திரும்பி வந்த மறுநாளே அடுப்பைப் பற்றவைத்தால் கையில் காசு புரளும். வேலை போய்விடுமோ என்ற பயம் கிடையாது. மாதச் சம்பளக்காரருக்கு அந்த உறுதி இல்லை. ஆனால் அவர்களிடமும் ஒரு குறை இருந்தது. கடையைப் பூட்டிவிட்டுப் போனால் அத்தனை நாளும் வருமானம் சுழி.

அந்தச் சுழியை நிரப்பத்தான் இன்று எல்லாரும் 'பாசிவ் இன்கம்' என்கிறார்கள். தூங்கும்போதும் பணம் வருமாம். வரும், மறுக்கவில்லை. எவ்வளவு போட்டால் எவ்வளவு வரும் என்பதைத்தான் யாரும் உடைத்துச் சொல்வதில்லை.

வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் ஒரு கணக்குப் போட்டார். சேமிப்பில் முதல் வருடம் 4 சதவீதம் எடுக்கலாம், பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகலாம், 30 வருடம் தாங்கும் என்பது அதன் சாரம். மாதம் 30,000 ரூபாய் வேண்டுமானால் இந்தக் கணக்குப்படி கையில் 90 லட்சம் இருக்கவேண்டும். அதுவும் அமெரிக்கப் பங்குகளையும் பத்திரங்களையும் வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊரில் விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், இன்றைய 30,000 ரூபாய் செலவு பத்து வருடத்தில் ஏறக்குறைய 54,000 ஆகிவிடும். 'எஃப்.டி. வட்டியில் வாழ்வேன்' என்று 40 வயதில் வேலையை விடுபவர் 50 வயதில் திண்டாடுவது இதனால்தான். வாடகை வருமானமும் அப்படித்தான். 80 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட், மாதம் 20,000 ரூபாய் வாடகை தந்தால் வருடத்துக்கு 3 சதவீதம். அதிலும் பராமரிப்பு, வீட்டு வரி, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் கழியும்.

யூடியூப் சேனலை 'பாசிவ்' என்பதை என்னால் ஏற்கவே முடியாது. விளம்பரப் பங்கு கிடைக்கவே பொதுவாக 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதன்பிறகும் கடற்கரைக்குப் போனவர் கடலைப் பார்க்காமல் அறையில் உட்கார்ந்து எடிட்டிங் செய்கிறார். அது வேலை, அதுவும் கடுமையான வேலை. அதை வேலை என்று ஒப்புக்கொண்டு இறங்குபவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

என் பார்வையில், கைக்குக் கிடைக்கும் சிறிய வட்டியையோ வாடகையையோ பயணத்துக்குச் செலவழிக்கவே கூடாது. அது வீட்டுக்கு. நம் குடும்பங்களில் பயணத்தை முடக்குவது விமான டிக்கெட் விலை மட்டுமல்ல. ஊரில் இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருக்கும் செலவுகள்தான் அதைவிடப் பெரிய சுமை. அப்பாவின் பிரஷர் மாத்திரை, அம்மாவின் கண் ஆபரேஷன், இ.எம்.ஐ., பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை. மாதம் 15,000 ரூபாய் தானாக வந்து இவற்றைப் பார்த்துக்கொண்டால், மனசு லேசாகிவிடும். பிறகு சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் டிக்கெட்டுக்கும் மட்டும் உழைத்தால் போதும். அந்த 15,000-க்கே பெங்கன் கணக்கில் 45 லட்சம் வேண்டும் என்பதும் உண்மை. இல்லாதவர்கள் செலவுப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். நீண்ட பயணத்துக்கு முன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாமான்களை அண்ணன் வீட்டு மாடியில் போட்டாலே, அந்த வாடகைப் பணம் மிச்சம்.

உழைப்பு எங்கே, எப்படி? மடிக்கணினியில் முடிகிற வேலை என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இந்தியாவில் காலை 9.30 மணி என்றால் பாங்காக்கில் 11 மணி. காலையில் ஆற அமர நடந்துவிட்டு வேலைக்கு உட்காரலாம். அதே நேரம் லிஸ்பனில் கோடையில் விடிகாலை 5 மணி, குளிர்காலத்தில் 4 மணி. இந்திய அலுவலகத்துக்காக அங்கிருந்து வேலை பார்ப்பவருக்குப் பாதித் தூக்கம் போய்விடும்.

அடுத்தது விசா. சுற்றுலா விசாவில் போய் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டு இலவசமாகத் தங்கலாம் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். சம்பளம் வாங்காவிட்டாலும் பல நாடுகளில் அது வேலைதான். பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முறையான வழிகள் இருக்கின்றன. தாய்லாந்து 2024 ஜூலையில் டி.டி.வி. என்ற ஐந்து வருட விசாவைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை தங்கலாம். கையிருப்பு 5 லட்சம் பாட் காட்டவேண்டும், தாய்லாந்துக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். உடல் உழைப்புக்குத் தயாரான இளைஞர்களுக்கு ஆஸ்திரேலியா. 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர்களுக்கு, வேலையும் பார்த்துக்கொண்டு சுற்றவும் அனுமதிக்கும் விசாவை 2024 முதல் குலுக்கல் முறையில் தருகிறது. வருடத்துக்கு 1,000 இடங்கள்தான்.

வரியையும் மறக்கக் கூடாது. ஒரு நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்குமேல் இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கு வரிக்குடியாளர். தாய்லாந்தில் ஒரு வருடத்தில் 180 நாள் தங்கினால் அங்கும் அப்படியே. கிளம்புமுன் ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆபீஸிலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், சொல்லாமல் போய் வேறு நாட்டிலிருந்து லாகின் செய்து வேலையை இழக்கவேண்டாம்.

இன்னொன்று, அவசரத்துக்கு ஊர் திரும்பும் டிக்கெட் பணமும் ஆறு மாதச் செலவும் தனிக் கணக்கில் இருக்கட்டும். அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டைப் பயணத்தில் கையோடு எடுத்துப் போகாதீர்கள். அக்காவிடமோ தம்பியிடமோ விவரம் சொல்லி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.