விதியையே சீட்டாக்கிய ஆட்டங்கள்

லண்டன் இடங்களின் பெயர்களை, பெரும்பாலும் சுரங்க ரயில் நிலையங்களின் பெயர்களை, ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ‘மார்னிங்டன் கிரெசன்ட்’ என்ற நிலையத்தின் பெயரை முதலில் சொன்னவருக்கு வெற்றி. பிபிசி வானொலியில் 1972-இல் தொடங்கிய ‘ஐம் சாரி ஐ ஹேவன்ட் எ க்ளூ’ நகைச்சுவை நிகழ்ச்சி புகழ்பெறச் செய்த ஆட்டம் இது.

எடுத்த எடுப்பிலேயே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால்? அதைத் தடுக்க ஒரு விதியை அந்த நிமிடமே யாராவது ஜோடித்துவிடுவார். தாத்தா காலத்து விதி என்பதுபோல் மற்றவர்களும் தலையாட்டுவார்கள். உண்மையில் அந்த ஆட்டத்துக்கு வேறு விதி என்று எதுவுமே கிடையாது.

வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர்கள் கூடினால் இது களைகட்டும். வீட்டுக் கூடத்தில் நிலைமை வேறு. குரல் ஓங்கியவர் சொன்னதே சட்டமாகிவிடும். கூச்ச சுபாவம் உள்ளவர் ஓரமாக ஒதுங்கிவிடுவார். ஆடும்போதே விதி பிறக்கும் குதூகலம் கெடாமல், எல்லோருக்கும் சம வாய்ப்புத் தர முடியாதா?

முடியும் என்று காட்டுகிறது, அமெரிக்காவின் ஆண்ட்ரூ லூனி உருவாக்கி 1997-இல் வெளியான ‘ஃப்ளக்ஸ்’ என்ற சீட்டாட்டம். தொடக்கத்தில் ஆளுக்கு மூன்று சீட்டு. ஒன்றை எடு, ஒன்றைப் போடு என்பதுதான் ஆரம்ப விதி. எப்படி ஜெயிப்பது என்பதுகூட அப்போது முடிவாகியிருக்காது. ‘இரண்டு எடு’ என்ற விதிச்சீட்டை ஒருவர் இறக்கினால், அந்த நொடி முதல் அனைவரும் இரண்டிரண்டாக எடுக்க வேண்டும். அடுத்தவர் ‘நான்கு எடு’ என்று போட்டால் பழைய விதி கழிவுக்குப் போய்விடும். எந்த விதி செல்லும் என்று வாதாட வேண்டியதில்லை. மேசைமேல் கிடப்பதுதான் விதி.

இலக்கும் இப்படித்தான். ‘பாலும் பிஸ்கட்டும்’ என்ற இலக்குச் சீட்டு மேசைக்கு வருகிறது. ஒருவர் முன்னால் பால் சீட்டு ஏற்கெனவே இருக்கிறது. பிஸ்கட் சீட்டு அவர் கையில் தயார். இன்னும் ஒரு சுற்றுதான் என்று அவர் காத்திருக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் வேறொரு இலக்கைப் போட்டு ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடுவார். வீட்டிலேயே அதிகம் பேசாத பிள்ளைக்கும் இந்த அதிகாரம் உண்டு. சீட்டு செய்யும் பெரிய நன்மை இதுதான்.

ஒரு நஷ்டமும் இருக்கிறது. ஃப்ளக்ஸில் விதிகளை அச்சகம் முன்பே தீர்மானித்துவிடுகிறது. ஆடுபவர் அவற்றைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, புதிதாக உண்டாக்க முடியாது.

அந்தக் குறையைத் தீர்க்கிறது, 1990-களின் நடுவில் அமெரிக்காவின் மேடிசன் நகரில் பிறந்த ‘ஆயிரம் வெள்ளைச் சீட்டுகள்’. முதலில் கட்டு முழுக்க வெற்று அட்டைகள். ஒவ்வொருவரும் ஓர் அட்டையில் ஒரு தலைப்பு எழுதி, படம் வரைந்து, ஒரு கட்டளையோ மதிப்பெண்ணோ குறித்துவிட்டால் சீட்டு தயார். பேனா பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கூடிப் பேசி, ரசித்த சீட்டுகளைத் தேர்ந்தெடுத்து அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துவைக்கிறார்கள். எடுபடாதவை கட்டிலிருந்து நீங்குகின்றன.