கைக்கேற்ற விசைப்பலகை

உழவனுக்கு மண்வெட்டியும் தச்சனுக்கு உளியும் எத்தகையனவோ, அத்தகையது இக்காலத்து எழுத்துப்பணி செய்வோருக்கு விசைப்பலகை. மண்வெட்டி வாங்கும் உழவன் அதன் பிடியைக் கையாற் பற்றி, தன் உயரத்துக்கும் தோள்வலிமைக்கும் அஃது ஏற்றதா என்று பார்த்த பின்னரே விலை பேசுவான். விசைப்பலகை வாங்குவோருட் பலர் இவ்வாறு செய்வதில்லை. அதன் வண்ண விளக்குகளையும், அதைப் பயன்படுத்தும் ஆட்டக்காரரின் புகழையும், விற்பனையாளர் கூறும் எண்களையுமே நோக்குகின்றனர். ஒரு நிமிடத்தில் 40 சொற்களைத் தட்டச்சிடும் மாணவன், சொல்லொன்றுக்கு ஐந்து தட்டுகளெனக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் 12,000 முறை விசைகளை அழுத்துகின்றான். பகலில் ஆய்வுக்கட்டுரை எழுதும் அதே கை இரவிற் கணினி விளையாட்டிலும் ஈடுபடுமாயின் இத்தொகை இன்னும் பெருகும். தெரிவிலே நேரும் பிழை பணத்தோடு போவதன்று. விரலும் மணிக்கட்டுமே அதன் பயனை நெடுநாள் நுகர்கின்றன. ஆதலின், பொறிமுறை விசைப்பலகை எனப்படுவது யாது, அதனை எவ்வாறு ஆராய்ந்து கொள்வது என்பன அறியத்தக்கன.

விசைப்பலகையின் வரலாறு தட்டச்சுப்பொறியோடு தொடங்குகின்றது. அமெரிக்கரான கிறிஸ்தோபர் சோல்ஸ் என்பாரும் அவருடைய துணைவரும் ஆக்கிய பொறியை றெமிங்ரன் கம்பனியார் 1874 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கில எழுத்து வரிசை அப்பொறியின் வழிவந்ததே. தமிழுக்கு இத்துறையிற் பெருந்தொண்டு புரிந்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்று வாழ்ந்த இரா. முத்தையா ஆவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைச் சில பத்து விசைகளுள் அடக்குதல் எங்ஙனம் என்பதே அவர் எதிர்நோக்கிய வினா. அழுத்தியும் தாள் நகராத விசைகளை வகுத்து, புள்ளியையும் விசிறிகளையும் எழுத்தோடு பொருந்தச் செய்து அவர் அதற்கு விடை கண்டார். அவர் அமைப்பின்படி தமிழ்த் தட்டச்சுப்பொறிகள் ஜேர்மனியிற் செய்விக்கப்பட்டன.

பழைய தட்டச்சுப்பொறியில் விரலின் வலிமையே எழுத்தாணியைத் தூக்கித் தாளில் மோதச் செய்தது. கணினியில் அவ்வலிமை வேண்டியதில்லை. ஒரு மின்சுற்றை மூடுதல் ஒன்றே விசையின் தொழில். இத்தொழிலை மலிவாகச் செய்யும் பொருட்டு எழுந்ததே இன்று பெரும்பாலான மேசைகளிற் காணப்படும் சாதாரண விசைப்பலகை. அதனுள்ளே விசைகளின் கீழ் இறப்பர்க் குமிழ்கள் அமைந்த விரிப்பொன்று இருக்கும். அக்குமிழ் முற்றாக நசுங்கிக் கீழேயுள்ள படலங்களை ஒன்றோடொன்று தொடச்செய்யும்போதே எழுத்துப் பதிவாகும். எனவே விரல் ஒவ்வொரு முறையும் அடித்தளம் வரை சென்று மோதவேண்டியுள்ளது. நாட்செல்ல இறப்பர் தளர, எழுத்துப் பதிந்ததா இல்லையா என்ற ஐயத்தால் விரல் மேலும் வலிந்து அழுத்துகின்றது.

பொறிமுறை விசைப்பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஆளி உண்டு. ஆளியுள் ஒரு தண்டும் ஒரு சுருள்வில்லும் இருக்கும். தண்டு பாதி தூரம் இறங்கும்போதே சுற்று மூடப்பட்டு எழுத்துப் பதிவாகிவிடும். எஞ்சிய பாதி விரலுக்கு இளைப்பாறும் இடம். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டைக் கை உணர்ந்துகொள்வதே இக்கருவியால் வரும் நன்மை யாவற்றுக்கும் அடிப்படை. ஐ.பி.எம். கம்பனியார் 1985 அளவில் வெளியிட்ட ‘எம்’ வகை விசைப்பலகை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதில் விசையை அழுத்துகையிற் சுருள்வில் ஒரு கணத்திலே பக்கவாட்டில் மடங்கிச் சிறு தகட்டை அடிக்கும். எழுத்துப் பதிவதும், விரல் அதனை உணர்வதும், காது ஒலியைக் கேட்பதும் ஏறக்குறைய ஒரே வேளையில் நிகழ்ந்தன. அப்பலகைகளுட் பல இன்றும் பழுதின்றி இயங்குகின்றன.

இக்காலத்துப் பலகைகளிற் பெரும்பாலானவற்றுக்கு முன்மாதிரியாய் அமைந்தவை, 1980களில் ஜேர்மனியிலிருந்து செரி கம்பனியார் வெளியிட்ட ‘எம்.எக்ஸ்.’ ஆளிகளாம். அவற்றின் காப்புரிமை முடிந்த பின்னர் கேற்றரோன், கெயில் முதலிய சீன நிறுவனங்களும் அவ்வமைப்பிற் பல்வகை ஆளிகளை ஆக்கி விலையைக் குறைத்தன. தண்டின் நிறமே ஆளியின் குணத்தைக் காட்டும் அடையாளமாக வழங்குகின்றது. அவை மூவகைப்படும்.

முதலாவது, நேரியல்பான ஆளி. தண்டு தடையின்றி வழுக்கி இறங்கும். செரியின் சிவப்பு ஆளி 45 கிராம் அளவான பாரத்தில் 2 மில்லிமீற்றர் இறங்கியதும் பதிவு செய்யும். முழு இறக்கம் 4 மில்லிமீற்றர். கறுப்பு ஆளியும் இவ்வினத்ததே. ஆயின் அதற்கு 60 கிராம் அளவு வேண்டும். இரண்டாவது, தடையுணர்த்தும் ஆளி. தண்டிலுள்ள சிறு மேடு பதிவு நிகழும் இடத்தை விரலுக்குக் குறிப்பாற் காட்டும். கபில நிற ஆளி இத்தகையது. அம்மேட்டைக் கடக்க 55 கிராம் அளவு தேவை. மூன்றாவது, ஒலியெழுப்பும் ஆளி. நீல ஆளியில் மேட்டோடு ‘டிக்’ என்னும் ஓசையும் சேரும். 60 கிராம் அளவு வேண்டும். 15 கிராம் வேறுபாடு அற்பமெனத் தோன்றலாம். ஒரு மணி நேரத்தில் 12,000 முறை அதனைத் தாங்கும் சிறுவிரலைக் கேட்டால் அஃது அற்பமன்று என்பது விளங்கும்.

இனி, எழுத்துப்பணியும் விளையாட்டும் ஒரே கருவியிடத்து வேறுவேறு குணங்களை வேண்டுகின்றன என்பது நோக்கற்பாலது. தட்டச்சிடுவோனுக்கு வேண்டியது ‘பதிந்தது’ என்னும் செய்தி. அச்செய்தி கிடைத்தவுடன் விரல் அடித்தளத்தை மோதாது அடுத்த எழுத்துக்குத் தாவும். ஆதலின் தடையுணர்த்தும் ஆளி பலருக்கு இன்பம் பயக்கின்றது. விளையாடுவோனுக்கோ விசை இறங்குவதைப் போலவே அது மீள்வதும் இன்றியமையாதது. இடமும் வலமும் விரைந்து அசைந்து, நினைத்த கணத்தில் நிற்கவேண்டிய ஆட்டங்களில், விசையை விட்டதும் சுற்றுத் திறக்கவேண்டும். நீல ஆளி மீண்டும் பதிவுக்கு ஆயத்தமாவதற்குப் பதிவு நிகழ்ந்த இடத்துக்கும் மேலே உயர்தல் வேண்டும். எனவே ஒரே விசையை அடுத்தடுத்துத் தட்டும் ஆட்டங்களுக்கு அஃது ஏற்றதன்று. நேரியல்பான ஆளியை ஆட்டக்காரர் விரும்புவதற்குக் காரணம் இதுவே. ஆயின் மிக இலேசான நேரியல் ஆளியில், விசைமேல் ஓய்ந்திருக்கும் விரலே எழுத்தைப் பதித்துவிடக்கூடும். கட்டுரை எழுதுவோனுக்கு அது பிழைகளைப் பெருக்கும்.

அண்மைக் காலத்திற் காந்த ஆளிகள் பெருவழக்காகியுள்ளன. இவற்றிலே உலோகத்தோடு உலோகம் தொடுதல் இல்லை. தண்டிலுள்ள காந்தம் எவ்வளவு கீழிறங்கியது என்பதைக் கீழேயுள்ள உணரி அளந்தறியும். 1879 இல் எட்வின் ஹோல் கண்டறிந்த மின்காந்த விளைவே இதன் அடிப்படை. ஹனிவெல் கம்பனியார் 1960களின் பிற்பகுதியிலேயே இம்முறையிற் பலகைகள் செய்தனராயினும், நெதர்லாந்தைச் சேர்ந்த வூற்றிங் என்னும் நிறுவனத்தின் முயற்சியாலேயே ஆட்டக்காரரிடையே இது பரவியது. எவ்வளவு ஆழத்தில் எழுத்துப் பதியவேண்டும் என்பதைப் பயன்படுத்துவோனே அமைத்துக்கொள்ளலாம். விரல் சற்றே உயர்ந்ததும் விசை விடுபட்டதாகக் கொள்ளவும் செய்யலாம். விளையாட்டுக்கு ஓர் ஆழமும் எழுத்துக்கு வேறோர் ஆழமும் வகுக்க இயலுதல் இதன் சிறப்பு. எனினும் இயந்திரம் ஆட்டக்காரனின் திறமைக்கு ஈடாக நிற்கத் தொடங்கினால் ஆட்டத்தின் நேர்மை குன்றும். எதிரெதிரான இரு விசைகளுள் பின்னர் அழுத்தியதையே தானாகத் தெரிந்துகொள்ளும் வசதியை, வால்வ் நிறுவனத்தார் 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ‘கவுண்டர் ஸ்ட்றைக் 2’ ஆட்டத்துக்குரிய தம் வழங்கிகளிலே தடைசெய்தனர்.

விற்பனை விளம்பரங்களிற் செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு, அதனினும் சிறு பங்கு என்னும் கணக்குகள் மிகுதி. கண்ணாற் கண்டதற்குக் கை செயற்பட ஏறக்குறைய ஐந்திலொரு செக்கன் செல்கின்றது. அதனை நினைவிற் கொண்டால், இக்கணக்குகள் பெரும்பாலாருக்கு வேறுபாடு விளைப்பனவல்ல என்பது புலனாகும். அவற்றினும் பயனுடையது, பல விசைகளை ஒருங்கே அழுத்தினும் யாவும் பதிவாகின்றனவா என்னும் ஆராய்ச்சி. விசைகள் நிரை நிரலாகக் கம்பிகளாற் பிணைக்கப்பட்டிருத்தலின், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகளை அழுத்தும்போது நான்காவதும் அழுத்தப்பட்டது போன்ற மயக்கம் உண்டாகும். மலிவான பலகைகள் அம்மயக்கத்தைத் தவிர்க்கும் பொருட்டு ஒரு விசையைப் புறக்கணித்துவிடும். விசைதோறும் மின்னை ஒருபுறமே செல்லவிடும் இருவாயி அமைந்த பலகைகளில் இக்குறை இல்லை.

ஆளி எத்துணை நன்றாயினும் மணிக்கட்டு வளைந்திருக்குமாயின் நலம் விளையாது. மணிக்கட்டின் உட்புறத்தே எலும்பாலும் இணையத்தாலும் சூழப்பட்ட ஒடுங்கிய வழியொன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. கை மேனோக்கி வளையும்போது அவ்வழியினுள் அழுத்தம் கூடுகின்றது. அங்கு நேரும் நோய்கள் விசைப்பலகை ஒன்றினாலேயே வருவன என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் நரம்பை நெருக்கும் நிலையில் மணிக்கணக்காகக் கையை வைத்திருத்தல் அறிவுடைமையன்று. பலகையின் பின்புறத்துக் கால்களை நிமிர்த்தி வைக்கும் வழக்கம் கையை மேனோக்கி வளைப்பதாதலின், அவற்றை மடக்கிவிடுதலே நன்று. பொறிமுறைப் பலகைகள் தடித்தவை. முன்விளிம்பு உயர்ந்திருப்பின் உள்ளங்கைக்கு ஒரு தாங்கி வேண்டும். அத்தாங்கி ஓய்வு வேளைக்கே உரியது. தட்டச்சிடும்போது மணிக்கட்டை அதன்மேல் அழுத்தி ஊன்றுவதால் தீமையே விளையும். விரல் மரத்தல், இரவில் வலித்தல் முதலியன தோன்றின், புதிய பலகை தேடுவதற்கு முன் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

பலகையின் அளவும் உடலோடு தொடர்புடையது. முழுப்பலகையில் 104 விசைகள் வரை உண்டு. வலப்புறத்து எண்விசைகளை நீக்கினால் 87 எஞ்சும். மேலும் சுருக்கினால் 61 ஆகும். எண்விசைகள் நீங்கினாற் சுட்டி அண்மையில் வரும். வலத்தோள் அகன்று நீளவேண்டியதில்லை. கணக்குப் பணி புரிவோருக்கு எண்விசைகள் இன்றியமையாதன. ஏனையோருக்கு 87 விசையுடைய பலகை எழுத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவழியாக அமையும். 61 விசையுடைய பலகையில் அம்புக்குறி விசைகள் வேறொரு விசையின் துணையோடே கிடைக்குமாதலின், எழுதியதைத் திருத்துவோருக்கு அது தொல்லை தரும். மணிக்கட்டு வெளிப்புறமாகச் சாய்வதால் வருந்துவோருக்கு இரு கூறாகப் பிரிந்த பலகைகளும் உள.

விசைமூடிகள் இருவகைப் பிளாத்திக்கினால் ஆவன. ‘ஏ.பி.எஸ்.’ வகை விரலின் எண்ணெயும் வியர்வையும் பட்டு விரைவில் மினுங்கி வழுக்கும், ‘பி.பி.ரி.’ வகை சொரசொரப்பை நெடுநாள் காக்கும். ஒலியும் கருதத்தக்கது. நீல ஆளியின் ஓசை எழுதுவோனுக்கு இனிமையாயினும், அடுத்த அறையில் உறங்குவோருக்கும் நூலகத்திற் படிப்போருக்கும் அஃது இனிமையன்று.

தமிழில் எழுதுவோர் இவற்றோடு எழுத்தமைப்பையும் நினைத்தல் வேண்டும். ஆங்கில எழுத்தொலி கொண்டு ‘அம்மா’ என எழுத ஐந்து தட்டுகள் வேண்டும். 1999 இல் வகுக்கப்பட்ட ‘தமிழ் 99’ அமைப்பில் நான்கே போதும். அங்கு மெய்யிரட்டிக்கும்போது புள்ளி தானே அமைகின்றது. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்திருத்தலின் கைகள் மாறிமாறி உழைக்கின்றன. பழைய தட்டச்சுமுறை அமைப்புகளிலோ சில எழுத்துகளுக்கு மாற்றுவிசையையும் சேர்த்து அழுத்துதல் வேண்டும். அப்பணி வலிமை குன்றிய சிறுவிரலுக்கு உரியது. அவ்வமைப்பிற் பழகியோர் பாரமான ஆளியைத் தவிர்த்தல் நலம்.

இவையாவற்றையும் நோக்கின், தெரிவுக்குரிய வரிசை ஒன்று புலப்படும். முதலில் தன் நாளின் பெரும்பகுதி எழுத்திற் கழிகின்றதா, ஆட்டத்திற் கழிகின்றதா என்று துணிதல் வேண்டும். அதன்பின் பலகையின் அளவும் உயரமும். அதன்பின் ஆளியின் இனமும் பாரமும். ஈற்றிலேயே மூடியும் ஒலியும் ஒளியும். ஆளிகளை ஈயப்பற்று வைக்காமலே கழற்றி மாற்றத்தக்க பலகைகள் இன்று குறைந்த விலையிலும் கிடைக்கின்றன. முதல் முறை வாங்குவோருக்கு அவையே தக்கன. ஏனெனில், தெரிந்த ஆளி ஒவ்வாதாயின் பலகையை எறியவேண்டியதில்லை. கடையில் ஒரு விசையை இருமுறை தட்டிப் பார்ப்பது சோதனையாகாது. நண்பரது பலகையிலேனும் அமர்ந்து ஒரு பக்கம் முழுவதும் எழுதிப் பார்த்தல் வேண்டும். முடிவிலே விரல்நுனி நோகின்றதா, பிழைகள் மிகுந்தனவா, தோள் உயர்ந்து இறுகியதா என்பனவற்றை அவரவர் கையே கூறும். விலையுயர்ந்த பலகையும் அச்சோதனையில் தோற்கலாம். எளிய பலகையும் வெல்லலாம். வென்ற பலகையைக் கொண்டவனும் மணிக்கொரு முறை எழுந்து கையை நீட்டி இளைப்பாறுதல் வேண்டும். அவ்வோய்வைத் தரவல்ல ஆளி இன்னும் ஆக்கப்படவில்லை.